ஆம்பிளையள் பக்கம்

வெள்ளி பின்னேரம் அஞ்சரைக்கு
நாங்கள் ஒன்பது பேர்.
றீற்றா சைக்கிளில் வருவாள்,
கூடையில் பாண், பாணுக்கு மேல் செபமாலை.
கொன்சி அக்கா மின்விசிறிக்குக் கீழேதான் இருப்பா.
பெயர்கள் என்னிடம்:
நாற்பது பக்கக் கொப்பி, அட்டையில் மயில்,
உள்ளே நாற்பத்தொரு ஆண்கள்.

கட்டாரில் இருக்கும் எமிலியானுஸ்.
தவறணையில் இருக்கும் டெஸ்மன்ட்.
பூசை நேரம் பார்த்து வலை பொத்துகிற
சந்தியாப்பிள்ளையின் மூன்று பெடியள்.
ஒலிபெருக்கிக் கணக்கில் சுவாமியாரோடு கோவித்துக்கொண்ட
பழைய மூப்பர்.
அவருக்குக் கடவுளோடு கோபமில்லையாம்,
ஒலிபெருக்கியோடுதானாம்.

"இவர்கள் உம்மிடம் திரும்பி வரவேண்டுமென்று"
நான் வாசிக்க,
"கேட்டருளும் ஆண்டவரே"
என்பார்கள் எட்டுப் பேரும்.

இருபத்தாறாவது பெயர்
மதலேனின் புருஷன் அருமைநாயகம்.
தொண்ணூறில், ஆனி மாதம்,
கோதுமை மா வாங்கிவரப் போனவர்.
அந்தப் பெயருக்கு மட்டும் அவள் பதில் சொல்வதில்லை.
"திரும்பி வர" என்றதும்
நிமிர்ந்து வாசலைப் பார்ப்பாள்.
கோயிலுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை,
தவறணைக்கு வந்தாலும் போதும் அவளுக்கு.
நான் கொஞ்சம் பொறுத்து
இருபத்தேழை வாசிப்பேன்.

இவருடைய பெயர் கொப்பியில் இல்லை.
எழுத வெட்கம்.
ஞாயிறு தவறாமல் என்னை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு
மதிலோரம் வேம்புக்குக் கீழ் நிறுத்துவார்.
அங்கே இன்னும் ஏழெட்டு ஓட்டோ, ஏழெட்டுப் புருஷன்மார்,
கச்சான் கோது, பீடிப் புகை, மீன் விலை.
பூசை முடிந்து ஏறினால்
"சுவாமி இண்டைக்கு நீட்டிப்போட்டார்,
ஊதாரிப் பிள்ளையின்ர கதை எத்தின தரம்" என்பார்.
ஒரு சொல்லையும் தவறவிடாதவர்,
பன்னிரண்டு வருடமாய் உள்ளே வராதவர்.
எங்கள் சின்னவளை அடக்கம்செய்த கிழமையிலிருந்து.
நான் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை.

உள்ளே எங்கள் பக்கத்து வாங்குகள்
இருந்து இருந்து குழிந்துபோனவை.
ஆம்பிளையள் பக்கத்தில்
இன்னும் வார்னிஷ் மணம்.

போன ஞாயிறு மாரிமழை.
காணிக்கைப் பாட்டு முடிகிற நேரம்
பக்கக் கதவால் வந்தது கொம்பு வைத்த ஒரு மான்,
பஸ் நிலையத்தில் வாழைத்தோல் தின்று திரிகிற கிழடு.
உடம்பெல்லாம் ஈரம்.
நடுவழியைக் கடந்து நேரே போய்
மூன்றாவது வாங்கடியில் நின்றது.
ஆம்பிளையள் பக்கம்.
கொன்சி அக்கா என் காதுக்குள்:
"கேட்டது கிடைச்சிட்டுது. கொப்பியில எழுது."

சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.
உபதேசியார் தடியோடு எழும்ப
மான் மிரண்டு, சீமெந்தில் குளம்பு வழுக்கி,
வாங்கில் கொம்பு இடித்தது.
அப்போது வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம்.
மதலேன்தான் முதலில் திரும்பினாள்.

இவர்.
தலையெல்லாம் மழை, கையில் பாதி வாழைப்பழம்.
"தடியைக் கீழ வையுங்கோ" என்று மெல்லச் சொல்லி
பழத்தை நீட்டியபடி நடந்து வந்தார்.
பின்னால் இன்னும் நாலு பேர், ஈரச் சாரத்தோடு.

மணி அடித்தது. எழுந்தேற்றம்.
நாங்கள் முழங்காலில்.
அகப்பட்டார்கள் ஐந்து பேரும்.
அந்த நேரத்தில் ஆர் வெளியே நடப்பது?
தாய்மார் குட்டிக் குட்டிப் பழக்கிய முழங்கால்கள்
தாமாகவே மடங்கின.
இவர் ஒரு காலை ஊன்றி
மானின் கழுத்தில் கைவைத்துத்
தலை குனிந்தார்.
இரண்டு முதுகிலிருந்தும் ஆவி பறந்தது.

பிறகு மானைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.
திரும்பி உள்ளே வரவில்லை.

ஓட்டோவில் பேச்சில்லை.
டைக் வீதிக்குத் திரும்பும்போது மட்டும்,
"மூண்டாவது வாங்குக் காலில கறையான்.
ஒருத்தரும் பாக்கிறேல்லையோ?"

ஆண்டவரே,
கறையானைப் பற்றி
நான் இன்னும் உபதேசியாரிடம் சொல்லவில்லை.
பக்கக் கதவையும் சாத்தவில்லை.